மீதியை மாதாமாதம்

வங்கியில் கடன் கேட்கப் போன அன்று டைல்ஸ்காரர் உட்காராமலே பேசிவிட்டுத் திரும்பினார். உட்காரச் சொல்லாமல் இல்லை. நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது மனைவியின் தோளைப் பிடிக்க வேண்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டால் கொடுக்க நினைத்த கடனையும் கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். எதிரே இருந்த பெண் கனிவாகத்தான் பேசினாள். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றாள். இல்லை. நிரந்தரமான முதலாளி யாராவது? அதுவும் இல்லை. வயது? சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்கிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது சார்" என்றாள்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "என் முழங்கால் விஷயம் சிஸ்டத்துக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு."

அவர் மனைவி சிரிக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் நர்சக்கா. நர்சுப் படிப்பு எதுவும் படித்தவள் இல்லை. சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கப் போனாள். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் போட ஆள் வேண்டும் என்று ஒருநாள் கூப்பிட்டார்கள். அவள் கை பட்டால் நோயாளிகள் முனகுவதில்லை என்று கண்டுகொண்டார்கள். அதிலிருந்து இந்த வேலைதான். இப்போது ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறாள்.

டைல்ஸ்காரருக்கு வாழ்நாள் முழுக்க மண்டிபோட்ட வேலை. அடுத்தவர் வீட்டுத் தரையில் மண்டிபோட்டு மண்டிபோட்டு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயின. குடியிருப்பதோ மூன்றாவது மாடி. வலி அதிகமான நாட்களில் படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார், குழந்தை இறங்குவது போல. யாராவது எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். அந்தச் செருப்புக்குத்தான் எத்தனை தடவை வார் அறும் என்று மாடி வீட்டுக்காரர்கள் நினைத்திருப்பார்கள். டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார், படி ஏறக்கூடாது. தரையோடு இருக்கிற வாடகை வீடாகப் பார்த்தார்கள். தெருவில் தரைத்தளமெல்லாம் கடையாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றிரண்டும் ஆறு மாதத்தில் காலி செய்யச் சொல்லும் ரகம். சொந்தமாக ஒரு சின்ன வீடு, வாசலில் படியில்லாத வீடு, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போன இடத்தில், ஈரத்துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டே வங்கிக் கதையை அவள் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் பிரஸ்காரம்மா.

அவளும் புருஷனும் வெகுகாலம் சின்னதாக ஓர் அச்சகம் நடத்தியவர்கள். பில் புத்தகம், விசிட்டிங் கார்டு, நோட்டீஸ் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அவர் மிஷினோடு மல்லுக்கட்டுவார். இவள் கணக்கும் வசூலும். பாக்கி கேட்க இவள் தெருமுனையில் வருவதைப் பார்த்தாலே சிலர் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்களாம். அதை அவளே பெருமையாகச் சொல்லுவாள். இப்போது எலும்பில் வந்த நோய் அவளைப் படுக்கையில் போட்டிருந்தது. உடம்புதான் படுத்திருந்தது, வாய் எழுந்து நடமாடியது.

"எந்த வீட்டை வாங்கலாம்னு போனீங்க?"

"எதையாவதும்மா. தரையோட இருந்தா போதும்."

"அப்ப இந்த வீட்டை ஏன் கேக்கல?"

நர்சக்காவின் கை நின்றுவிட்டது. "இதை விக்கிறீங்களா?"

"கேக்காம எப்படித் தெரியும்? துடை, துடை. முதுகு காயுது."

நர்சக்கா துடைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்ககிட்ட மொத்தமாப் பணம் இல்லம்மா. சீட்டு எடுத்த காசு கொஞ்சம் இருக்கு" என்றாள்.

"மொத்தமா வேணும்னு நான் சொன்னேனா? மொத்தமா வந்தா என்ன நடக்கும் தெரியுமா? மகன் போன் பண்ணுவான். நல்லவன்தான். ஆனா அவன் தொழிலு ஓட்டை வாளி. 'அப்பா, இந்த ஒரு தடவை'ன்னு கேப்பான். இந்த மனுஷன் எடுத்து நீட்டிடுவார். அப்புறம் அவர் கையில என்ன இருக்கும்? காது மிஷின்தான் இருக்கும். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வந்தா, புள்ள எவ்வளவு கேப்பான், இவர் எவ்வளவு குடுப்பார்? அடுத்த மாசம் மறுபடி வரும்ல? நான் போன பிறகு அவருக்கு ஒரு பென்ஷன் மாதிரி."

"போறது வர்றது பத்திப் பேசாதீங்கம்மா."

"நீ ஒருத்தி. வியாபாரம் பேசும்போது கண்ணைக் கசக்காதே. உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா."

டைல்ஸ்காரர் வந்தார். வாசலிலேயே நின்று, நிலைக்கு முன்னால் படி இல்லாததைப் பார்த்தார். உள்ளே வந்து தரையைப் பார்த்தார். முன்னறையில் மிஷின் இருந்த இடத்தில் சிமெண்டு வெடித்து, மை ஊறிக் கறுத்திருந்தது. கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, வீட்டை விக்கிறவ இங்க கட்டில்ல இருக்கேன். தரைகிட்டயா பேரம் பேசப் போறே?" என்றாள் பிரஸ்காரம்மா.

அவர் வெட்கத்தோடு நிமிர்ந்தார். "தொழில் பழக்கம்மா."

"பாத்துக்கோ, பாத்துக்கோ. தரை மோசம்னு விலையைக் குறைக்கப் போறியா?"

"தரையை நானே போட்டுக்குவேன். அதுக்குக் குறைக்க வேணாம்."

"பாத்தியாடி நர்சு? இவனுக்குப் பேரம் பேசவே தெரியல. இவனைக் கட்டிக்கிட்டு நீ எப்படி இத்தனை வருஷம் குப்பை கொட்டினே?"

பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஏற்கெனவே அச்சடித்து வைத்திருந்ததைப் படிப்பது போல. விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம். மீதியை மாதாமாதம், ஏழு வருஷத்துக்கு.

"வட்டி?" என்று மெதுவாகக் கேட்டார் டைல்ஸ்காரர்.

"உண்டு. வட்டி வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா? பேங்குல கேக்கறதைவிட ஒரு படி குறைச்சுக்கறேன், அவ்வளவுதான். ஒரு மாசம் தவறினா பொறுத்துக்குவோம். ரெண்டு மாசம் தவறினா முகத்தைத் தூக்கி வெச்சுக்குவோம். மூணாவது மாசம் நீங்க பெட்டியைக் கட்டிடணும். கடைசித் தவணை கட்டின அன்னிக்கு வீடு உங்க பேருக்கு. அதுவரைக்கும் எங்க பேர்லயே இருக்கும். அவர் உசுரோட இருக்கிற வரைக்கும் முன்னறை அவருக்கு. அவர் சாப்பாடு உங்க பொறுப்பு. உப்பு கம்மியாப் போடணும், கத்துவார், கண்டுக்காதே."

"சரிம்மா," என்றார் டைல்ஸ்காரர்.

"உடனே சரின்னு சொல்லாதேப்பா. ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லு. எனக்கும் பொழுது போகணும்ல?"

டைல்ஸ்காரர் யோசித்தார். "ஏழு வருஷம் எட்டாக்க முடியுமாம்மா? முழங்கால் சரியில்லாதப்போ வேலை குறையும்."

பிரஸ்காரம்மாவின் முகத்தில் வெகுநாளைக்கப்புறம் ஒரு தெம்பு தெரிந்தது. "அப்படி வா வழிக்கு. எட்டு." பிறகு முன்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினாள். "கேட்டீங்களா? வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். என்ன சொல்றீங்க?"

பிரஸ்காரர் காது மிஷினைத் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "உன் இஷ்டம்."

"கட்டிக்கிட்ட நாள்லருந்து இதே ரெண்டு வார்த்தைதான். எழுத்துக் கோத்து வெச்சிருக்கார். மை தடவி எடுக்க வேண்டியதுதான்."

அன்று வீடு திரும்பும்போது டைல்ஸ்காரர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். ஆனால் வாய் ஓயவில்லை. முன்னறைக்கு எந்தக் கல், பின்கட்டுக்கு எந்தக் கல், கிழவர் வழுக்கி விழாமலிருக்கக் குளியலறையில் சொரசொரப்பாக எதைப் போடலாம் என்று மூன்று மாடிக்கும் பேசினார். ஊரெல்லாம் தரை போட்ட மனிதர் தன் வீட்டுத் தரையைப் பற்றிப் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் இன்னொரு காரியமும் செய்தார். மாதக் கடைசியில் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் அந்த வாரமே வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டார்.

"பத்திரம் எழுதறதுக்குள்ள என்ன அவசரம்?" என்றாள் நர்சக்கா.

"அந்தம்மா வாக்கு பத்திரத்தைவிடப் பெருசுன்னு நீதானே சொன்னே?"

சொன்னது உண்மைதான்.

பத்திரம் எழுதுகிறவர் வருவதாகச் சொன்ன வாரத்தில் பிரஸ்காரம்மாவுக்கு வலி கூடிவிட்டது. மாத்திரை எடுபடவில்லை. டாக்டர் வந்து மாத்திரையை மாற்றிக் கொடுத்தும் எடுபடவில்லை. நர்சக்கா வீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கினாள். படுக்க வைத்தால் இடுப்பு வலி, உட்கார வைத்தால் முதுகு வலி, ஒருக்களித்தால் மூச்சு முட்டல். வாய் நடமாடுவதுகூட நின்றுவிட்டது. நர்சக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நிமிஷம் கண்ணை மூடினா போதும்டி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதட்டி உருட்டிய குரல் அப்படிக் கெஞ்சியதை நர்சக்காவால் கேட்க முடியவில்லை.

மூன்றாவது நாள் மதியம், தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு காலுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்து, என்னென்னவோ செய்து பார்த்ததில் ஏதோ ஒன்று சரியாக அமைந்துவிட்டது. பிரஸ்காரம்மா பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தூங்கிப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டு நர்சக்கா வெளியே வருவதும் வாசலில் பத்திரக்காரர் வருவதும் சரியாக இருந்தது.

குண்டான மனிதர். வியர்வை வழிந்தது. முன்னறை மேஜையில் தாள்களைப் பரப்பினார். மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். சாட்சிக்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்தார், கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்திருப்பதாக மூன்று தடவை சொன்னார். டைல்ஸ்காரர் நல்ல சட்டை போட்டிருந்தார். பணப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

பத்திரக்காரர் எல்லாவற்றையும் உரக்கப் படித்தார். எதுவும் மாறவில்லை, பிரஸ்காரம்மா சொன்னதெல்லாம் சொன்னபடியே இருந்தது, எட்டு வருஷம் உட்பட. பிரஸ்காரர் கையெழுத்துப் போட்டார். டைல்ஸ்காரர் போட்டார். நர்சக்கா போட்டாள். பணத்தை எண்ணி வாங்கிப் பிரஸ்காரர் இழுப்பறையில் வைத்தார்.

"அம்மா கையெழுத்து?" என்றார் பத்திரக்காரர்.

"தூங்கறாங்க," என்றாள் நர்சக்கா.

"எழுப்புங்க."

எழுப்பத்தான் உள்ளே போனாள். கட்டிலருகே குனிந்தாள். பிரஸ்காரம்மாவின் புருவங்களுக்கு நடுவே எப்போதும் ஒரு முடிச்சு இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நர்சக்கா அந்த முடிச்சு இல்லாமல் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. அது இப்போது இல்லை. தாடை தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, வேறு யாரோ ஒருத்தி படுத்திருப்பது போல இருந்தது. தோளைத் தொடப் போன கை தொடாமலே நின்றது. நோயாளி அசந்து தூங்கினால் எழுப்பக்கூடாது. சாப்பாட்டு வேளை ஆனாலும் சரி, பார்க்க ஆள் வந்தாலும் சரி, டாக்டரே வந்தாலும் சரி. அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. வலியில் கிடந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அவள் கை தானாகக் கற்றுக்கொண்டது. பெரிய டாக்டர்களைக்கூட வாசலில் நிற்க வைத்திருக்கிறாள்.

வெளியே வந்தாள். "இப்பத்தான் கண்ணசந்தாங்க சார். மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல. நாளைக்கு வெச்சுக்கலாம்."

"ஒரு நிமிஷ வேலைம்மா. எழுப்பி, கையெழுத்தை வாங்கிட்டு, மறுபடி தூங்க வெச்சிடலாம்."

"தொட்டில் குழந்தையா சார், மறுபடி தூங்க வைக்க? எழுப்பினா வலி முழிச்சிக்கும். அப்புறம் யாராலும் தூங்க வைக்க முடியாது."

"நாளைக்கு நான் வெளியூர் போறேன். நாளன்னிக்குத்தான் வர முடியும்."

"நாளன்னிக்கே வாங்க."

டைல்ஸ்காரர் அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அவள் தொழிலில் அவர் தலையிட்டதில்லை, அவர் போடும் தரையில் அவள் கருத்துச் சொன்னதில்லை. அந்த வழக்கம் அவர் வாயை மூடியது. பத்திரக்காரர் பிரஸ்காரரிடம் திரும்பினார். "நீங்க என்ன சார் சொல்றீங்க?"

பிரஸ்காரர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "தூங்கட்டும்," என்றார்.

பிரஸ்காரம்மா அன்று சாயங்காலமும் எழவில்லை. நல்ல தூக்கம் என்று நர்சக்கா சந்தோஷப்பட்டாள். விடிந்து பார்த்தபோது மூச்சின் சத்தம் மாறியிருந்தது. கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். நினைவு தப்பிவிட்டது என்று பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் வந்து சொன்னது அதற்குப் பிறகுதான்.

சொன்ன நாளில் பத்திரக்காரர் வந்தார். கட்டிலருகே நின்று பார்த்தார். டைல்ஸ்காரர் அவரை ஓரமாக அழைத்துப்போய், கட்டைவிரல் ரேகை எடுத்துக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நினைவில்லாதவங்க ரேகையை எடுத்தா நான் கம்பி எண்ணணும்ப்பா."

"முந்தாநாள் நினைவு இருந்துச்சு சார்."

"இருந்துச்சு. அதுக்கு நான் என்ன செய்ய?" என்று அவர் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று பின்மாலையில் பிரஸ்காரம்மாவின் மூச்சு நின்றது.

மகன் வந்தான். அம்மாவின் ஜாடை, குரல் மட்டும் அப்பாவுடையது. கெட்டவன் என்று சொல்ல அவனிடம் எதுவுமில்லை. எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, நர்சக்காவையும் டைல்ஸ்காரரையும் முன்னறையில் உட்கார வைத்து, தானே டீ போட்டுக் கொடுத்தான். இழுப்பறையிலிருந்த பணத்தை அப்படியே எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"எண்ணிப் பாத்துக்குங்க அண்ணே."

"எதுக்கு?" என்றார் டைல்ஸ்காரர். எதற்கென்று அவருக்குத் தெரியும்.

"பத்திரம் பாத்தேன். அம்மா கையெழுத்து இல்ல. அம்மா பங்குல எனக்கும் பாதி வருது. நான் சம்மதிச்சாத்தான் நடக்கும்னு வக்கீல் சொல்றார்."

"சம்மதிக்கலாமே தம்பி," என்றாள் நர்சக்கா. "அம்மாவே பேசி முடிச்சது. வட்டி, தவணை, எல்லாம் அவங்க வாயால சொன்னது. ஐயாவைக் கேளுங்க."

மகன் தலைகுனிந்தான். "அம்மா சொல்லியிருப்பாங்க. நான் நம்பறேங்கா. ஆனா மாசாமாசம் வாங்கிட்டிருக்க எனக்கு நேரமில்ல. கடன்காரங்க கழுத்துல கத்தி வெச்சிருக்காங்க. மொத்தமா ஒருத்தர் கேட்டு வந்திருக்கார். அப்பாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

பிரஸ்காரர் மூலையில் உட்கார்ந்திருந்தார். காது மிஷின் அவர் மடியில் இருந்தது. வீட்டுப் பேச்சை மகன் எடுக்கும்போதெல்லாம் அவர் அதைக் கழற்றிவிடுவதை நர்சக்கா அந்த நாட்களில் கவனித்திருந்தாள்.

டைல்ஸ்காரர் பணத்தை எண்ணவில்லை. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்க மேஜையைப் பிடித்தார், மேஜை ஆடியது, டீ சிந்தியது. "துடைச்சுடறேன்," என்று குனியப் போனவரை மகன் தடுத்தான். அவர் வெளியே போய்விட்டார்.

நர்சக்காவும் எழுந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கணும்," என்றான் மகன்.

"கேளுங்க."

"கடைசி நாள்... அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா? வலியில கத்தினாங்களா? நான் அன்னிக்கு போன் எடுக்கல. மிஸ்டு கால் நிறைய இருந்துச்சு. எடுத்தா பணம் பத்திப் பேச்சு வருமோன்னு எடுக்கல."

அவன் கண்களைப் பார்த்தபோது அவளுக்கு ஒரு கணம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. அந்தத் தூக்கத்துக்கு நாங்கள் என்ன விலை கொடுத்தோம் தெரியுமா என்று கேட்டுவிடலாம் போல இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"மூணு நாள் கஷ்டப்பட்டாங்க," என்றாள். "கடைசியில தூங்கிட்டாங்க தம்பி. நல்ல தூக்கம். பேசிட்டிருந்தவங்க பாதிப் பேச்சுல அப்படியே தூங்கினாங்க. முகத்துல சுருக்கமே இல்ல."

"நடுவுல யாரும் எழுப்பலையே?"

"இல்ல. நான் விடல."

மகன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க எங்கம்மாவுக்குச் செஞ்சதுக்கு நான் உங்களுக்கு என்ன செய்யறதுன்னே தெரியலக்கா."

என்ன செய்யலாம் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். பிறகு அவன் கையை விட்டுவிட்டு, அப்பாவின் மருந்துகளைப் பிரயாணத்துக்குத் தனித்தனியாகக் கட்டித்தர முடியுமா என்று கேட்டான். கட்டிக் கொடுத்தாள்.

அவர்கள் கிளம்பிய காலையில் பிரஸ்காரரைக் காரில் ஏற்றி உட்கார வைத்ததும் அவள்தான். முதுகுக்குத் தலையணை வைத்தாள். மடியிலிருந்த காது மிஷினை எடுத்து அவர் காதில் பொருத்தினாள். மகன் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான். கிழவர் அவளை நேராகப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கு நீ எழுப்ப வேணாம்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு."

"அம்மா தூங்கறாங்களேன்னா ஐயா?"

"அதில்ல." அவர் வீட்டு வாசலைப் பார்த்தார். "வீடு இன்னும் ரெண்டு நாளைக்கு எங்களோடதுன்னு. விக்க எனக்கு மனசே இல்ல. அவகிட்ட சொல்ல முடியுமா? உன் இஷ்டம்னுட்டேன். நான் ஒரு அதட்டுப் போட்டிருந்தா நீ எழுப்பியிருப்பே."

அவர் மேல் கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "உப்பு கம்மியாச் சாப்பிடுங்க ஐயா," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

டைல்ஸ்காரர் அவளிடம் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டே, ஒரு வாரம் எதுவும் சொல்லாமலிருந்தார். மாதக் கடைசி நெருங்கியபோது ஒருநாள் தன் காலோடு பேசுவது போலச் சொன்னார்:

"ஒரு நிமிஷம்தான் கேட்டான் அந்த ஆளு."

"தெரியும்."

"உன்னைத் திட்டறேன்னு நினைக்காதே."

"திட்டுங்க."

"திட்டினா வீடு வந்துடுமா?" தைலக் கையைத் துணியில் துடைத்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. மறுபடி அதே மாதிரி ஒரு நாள் வந்தா எழுப்புவியா?"

அவள் யோசித்தாள். எழுப்புவேன் என்று சொல்வது சுலபம். அவர் கேட்பதும் அந்த ஒரு வார்த்தையைத்தான். அந்த அறையை, அந்தக் கட்டிலை, முடிச்சவிழ்ந்த அந்த முகத்தை மனத்துக்குள் கொண்டுவந்து, தோளைத் தொட முயன்றாள். கை போகவில்லை. எத்தனை தடவை முயன்றாலும் போகவில்லை. தன் கையைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டு, மூட்டையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

வீட்டுத் தரகர் கடைசியாகக் காட்டிய இடம் ஒரு குறுகலான சந்தில் இருந்தது. கீழே இரும்புக்கடை. கடைக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு படிக்கட்டு, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

"மாடிதான். ஆனா காத்து பிச்சுக்கிட்டு வரும்," என்றார் தரகர்.

"எத்தனாவது மாடி?" என்றார் டைல்ஸ்காரர்.

தரகர் அவர் கால்களைப் பார்த்துவிட்டு, கேள்வி காதில் விழாதது போல, "வாடகை கம்மி சார்" என்றார்.

டைல்ஸ்காரர் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்தார். முதல் படியின் விளிம்பைச் செருப்பால் தட்டினார். கல் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது. "எவனோ கலவையை மிச்சம் பிடிச்சிருக்கான்," என்றார். பிறகு அவளிடம், "நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இங்கேயே நிக்கறேன்."

"நீங்க பாக்க வேணாமா?"

"குடி வரும்போது எப்படியும் ஏறணும். இன்னிக்கு வேற எதுக்கு?"

அவள் ஏறினாள். அறை சின்னது. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள். குழாயைத் திறந்தால் முதலில் காற்று வந்தது, பிறகு கொஞ்சம் தண்ணீர் வந்தது. தரகர் சொன்ன காற்று ஜன்னலைத் திறந்தும் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். சந்தில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவில், அவர் இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் திறந்த சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"பரவால்லங்க," என்றாள் அவள். "போதும்."